எனக்கு முன்னால் புறப்பட்ட பை

ஹட்டன் கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் ஒரு பூட்டிய கதவுக்கு முன்னால் நான் நிற்கிறேன். திங்கட்கிழமை, காலை ஏழு மணி ஆகியிருக்கும். பனி சந்துக்குள் இறங்கிவிட்டதால் எதிர்வீட்டுத் தகரக் கூரைகூடச் சரியாகத் தெரியவில்லை. சந்து முனையில் சலீம் நானாவின் கறுப்புக் கார் உறுமிக்கொண்டு நிற்கிறது. அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்று அவர் எஞ்சினை அணைக்கவில்லை. என் அப்பா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கதவுக்கு அந்தப் பக்கம் என் பை இருக்கிறது. பைக்குள் என் எஸ்.எஸ்.சி. சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் எழுதிக் கொடுத்த நற்சான்று, அன்றைக்குப் பத்து மணிக்கு நுவரெலியாவில் இருக்கச் சொல்லி வந்த கடிதம். எல்லாம் உள்ளே. நான் வெளியே.

உன் பை ஏனம்மா அடுத்தவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தது என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவைத் தொட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

மூன்று வாரத் திட்டம்

ஐம்பதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஹட்டனுக்குத் தெற்கே ஒரு தோட்டத்தில் பெரிய கணக்கப்பிள்ளை. நான் பத்தாம் வகுப்புப் பாஸாகி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்து மருத்துவிச்சியம்மாவுக்கு வயதாகிப்போய், அவர் மகனோடு இந்தியாவுக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்கு ஒரு பெண்ணைப் படிக்க அனுப்பலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒப்புக்கொண்டார். மனுப் போட்டேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

இருபது வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எனக்கு அடுத்த மாதத்தோடு இருபது முடிகிறது. இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். விட்டால் என்ன நடக்கும் என்பதும் வீட்டில் பேசி முடிவாகியிருந்தது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துத் தோட்டத்தில் சின்னக் கிளார்க். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை, நல்ல மனிதர், சொந்தமாக ரேடியோகூட வைத்திருந்தார். ஆனால் எனக்கு ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க மனசில்லை. வேலை பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் என் ஆசை.

ஹட்டனிலிருந்து நுவரெலியா எவ்வளவு தூரம்? முப்பது மைலுக்குள்தான். கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, அப்புறம் நுவரெலியா. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற தூரம். மரக்கறி லொறிக்காரர்கள் வெற்றிலை போட்டுத் துப்பி முடிக்குமுன் போய்விடுவார்கள். இதற்கு எங்கள் வீட்டில் மூன்று வாரம் திட்டம் போட்டார்கள். நிலவுக்குப் போகிறவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.

முதலில் ரயில் என்று பேச்சு. நானுஓயா வரை ரயில், அங்கிருந்து பஸ். நான் சரி என்றேன். அப்பாதான் வேண்டாம் என்றார்.

"ரயிலு அவங்க நேரத்துக்குத்தான் கெளம்பும். நம்ம நேரத்துக்கு கெளம்புமா?"

அதனால் கார் என்று முடிவாயிற்று. சலீம் நானா ஹட்டனில் வாடகைக் கார் ஓட்டினார். நானா என்றால் எங்கள் பக்கத்தில் முஸ்லிம் அண்ணன். எங்கள் தோட்டத்துக்குக் கல்யாணமோ பிரசவமோ எதுவானாலும் அவர் கார்தான் வரும். அவரைப் பிடித்தாகிவிட்டது. இனி ஏறி உட்கார வேண்டியதுதானே என்று நான் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நுவரெலியா கிழக்கே இருந்தது

அப்பா பஞ்சாங்கத்தை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். திங்கட்கிழமைப் பக்கத்தைப் பிரித்தார். அப்புறம் நீளமாக ஒரு "ம்" போட்டார். அந்த "ம்" கேட்டால் எங்கள் வீட்டுப் பூனைகூட எழுந்து வெளியே போய்விடும்.

திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம் தொடங்கி ஒன்பதுக்கு முடிகிறது. பத்தரையிலிருந்து பன்னிரண்டு எமகண்டம். இது இரண்டையும் சமாளிக்கலாம், ஆறேகாலுக்கு நல்ல நேரம் பிறக்கிறது, அப்போது கிளம்பிவிட்டால் ராகு காலத்தில் நாம் ரோட்டில் இருப்போம், புறப்பட்டதுதான் கணக்கு என்றார் அப்பா. தலை தப்பியது என்று நான் மூச்சு விடுமுன் அடுத்ததைச் சொன்னார்.

"திங்கக்கெழம கெழக்கால சூலம்."

திங்கட்கிழமை கிழக்குத் திசையில் பயணம் ஆகாது. நுவரெலியா ஹட்டனுக்குக் கிழக்கே இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய் வைத்தது நான்தான் என்பதுபோல அப்பா என்னைப் பார்த்தார்.

"தயிரு சாப்பிட்டுட்டுப் போனா கெழக்குச் சூலத்துக்குத் தோஷமில்லம்பாங்களே" என்றார் அம்மா.

"தயிரெல்லாம் சந்தைக்குப் போறதுக்கு. இது வாழ்க்கப் பிரச்சன."

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த தேசப்படம் ஞாபகத்துக்கு வந்தது. "அப்பா, தோட்டத்துலருந்து ஹட்டனுக்கு வடக்காலதானே போறோம்? வீட்ட விட்டுக் கெளம்புறப்ப வடக்கால தானே கெளம்புறோம்? சூலம் எப்படி வரும்?" என்று கேட்டேன். அப்பா இதை இரண்டு நாள் யோசித்தார். சாப்பிடும்போது யோசித்தார், பூட்சைக் கழற்றும்போது யோசித்தார். மூன்றாம் நாள், "கெளம்புற தெச கணக்கில்ல, போயிச் சேர்ற தெசதான் கணக்கு" என்று தீர்ப்புச் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

துரையின் நேரம்

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாவிட்டால் அப்பாவை நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

இதே மனிதர் தினம் விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்துக்குப் போவார். தப்பு மேளம் அடித்துவிட்டால் ஆட்கள் வந்து நிற்க வேண்டும், பேர் கூப்பிட வேண்டும், மலைக்கு அனுப்ப வேண்டும். ராகு காலத்தில் கொழுந்து நிறுப்பார்கள். எமகண்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள். சூலம் பார்த்துக் கிழக்கு மலைக்கு ஆள் அனுப்பாமல் விட்டது கிடையாது. பெரட்டுக்கு அரை மணி பிந்தி வந்த ஆளை அவர் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சண்டையில் ஒருநாள் இதைக் கேட்டேவிட்டேன். "வேலைக்குப் போறப்ப பாக்காத சூலத்த நான் போறதுக்கு மட்டும் பாக்குறீங்களே, இது என்னா நியாயம்?"

அப்பாவுக்குக் கோபம் வரவில்லை. "அது தொர நேரம் புள்ள. அதுல எனக்கென்ன பேச்சு? இது நம்ம நேரம். நம்ம நேரத்தயாவது நல்லதா பாத்து எடுப்போமே" என்றார்.

இன்றைக்கு எழுதும்போது எனக்கு அந்தப் பதிலில் ஏதோ இருக்கிறது என்று படுகிறது. அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. நம் நேரம் என்று ஒன்று கிடைத்தால் அதை இப்படித்தானா செலவழிப்பது?

டிரைவர் கணக்கில் உண்டா?

அடுத்த தகராறு யார் யார் போவது என்பதில் வந்தது. அப்பா, அம்மா, நான். மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது.

"சலீம் நானாவோட நாலு பேரு" என்றேன்.

அப்பா ஒரு வாரம் சலீம் நானாவைச் சேர்த்து எண்ணினார். அப்புறம் அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து, நான் வரவில்லை என்றுவிட்டார். இப்போது சலீம் நானாவைச் சேர்த்தால் மூன்று, சேர்க்காவிட்டால் இரண்டு. உடனே அப்பா, "டிரைவரு வண்டியோட சேந்த ஆளு, அவர எண்ணப்படாது" என்று மாற்றிச் சொன்னார்.

புறப்படும் நேரத்தைக் கேட்டுப்போக அந்த வாரக் கடைசியில் சலீம் நானா தோட்டத்துக்கு வந்திருந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுக்கும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். சலீம் நானா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"கணக்கப்பிள்ளை ஐயா, திங்கக்கிழமை என்னைய ஆளா எண்ணுறீங்களா, பெட்ரோல் டாங்கியா எண்ணுறீங்களா? அதச் சொல்லிட்டீங்கன்னா நான் அதுக்குத் தக்கன இருந்துக்கிருவேன்."

அப்பா சிரிக்கவில்லை. "ஒங்கள மதிக்காம இல்ல நானா, எண்ணாம இருக்கோம், அவ்வளவுதான்" என்று பொறுமையாக விளக்கினார்.

பை புறப்பட்டது

சூலத்துக்குக் கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். பரஸ்தானம். இளையவர்கள் பலருக்கு இது தெரியாது. பயண நாள் சரியில்லையென்றால், அதற்கு முந்தின நல்ல நாளில், நல்ல நேரத்தில், நம் மூட்டையை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் வழியில் தெரிந்தவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். மூட்டை புறப்பட்டால் நாமே புறப்பட்ட மாதிரி. மறுநாள் நாம் போய் மூட்டையை எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடரலாம். சூலம் ஏமாந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை கிழக்குப் பயணத்துக்குத் தடையில்லை. ஹட்டன் கடைவீதிக்கு எப்படியும் அப்பா போவார். அங்கே அவருடைய சிநேகிதர் மாணிக்கம் மாமா ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டு பின்சந்தில் குடியிருந்தார். பை அங்கே போகும். திங்கட்கிழமை வழியில் எடுத்துக்கொள்வோம்.

நல்ல யோசனைதான். நான்கூட ஒப்புக்கொண்டேன். ஒன்றே ஒன்று சொன்னேன்.

"பழைய சேலை ரெண்ட மடிச்சி வெச்சி அனுப்புங்க. சேட்டிபிக்கேட்டெல்லாம் ஏங்கிட்டயே இருக்கட்டும்."

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "பழைய சேலய வெச்சி சாமிய ஏமாத்துவியா? எதுக்காகப் போறோமோ அதுதான் மொதல்ல போகணும்."

அம்மாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். சான்றிதழ்கள், கடிதம், நேர்முகத்துக்கு உடுத்த எடுத்த வெள்ளைச் சேலை, புதுச் செருப்பு எல்லாவற்றையும் பைக்குள் வைத்து, மேலே மஞ்சள் தடவிய ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துக் கட்டினார்கள். ஞாயிறு காலையில் என் பை ராஜ மரியாதையோடு புறப்பட்டுப் போயிற்று. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூட்டு

இப்போது மறுபடி அந்தச் சந்துக்கு வாருங்கள்.

ஆறேகாலுக்குச் சொன்னபடி கிளம்பினோம். வலது காலை வைத்துக் காரில் ஏறினேன். எதிரே நல்ல சகுனமாகக் குடத்தோடு ஒரு பெண் வருவதற்கு அம்மா முதல் நாளே ஏற்பாடு செய்திருந்தார். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஹட்டனுக்கு வந்தால் மாணிக்கம் மாமா வீட்டில் பூட்டு.

பக்கத்தில் பேக்கரி. அந்த முதலாளி மாவுக் கையோடு வெளியே வந்தார்.

"மாணிக்கத்தையா தேடுறீங்க? ராவு தந்தி வந்துச்சிங்க. பட்டிப்பொலயில அவரோட அண்ணன் எறந்துட்டாராம். குடும்பத்தோட போயிட்டாங்க."

"சாவி?"

"இடுப்புல சொருகிக்கிட்டுப் போனத நான் பாத்தேன்."

நான் செய்ய வேண்டியது எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. அது ஒரு சின்னப் பூட்டு. நாதாங்கி துருப்பிடித்தது. "அப்பா, ஒடைங்க. மாமாவுக்கு நாளைக்கி வேற பூட்டு வாங்கிக் குடுத்துக்கலாம்" என்றேன்.

அப்பா நகரவில்லை. "சாவு விழுந்த வீடும்மா" என்றார்.

"யாரும் இங்க சாகலியே! பட்டிப்பொலயில தானே?"

"தீட்டு வீட்டுக்குத்தான். தீட்டு வீட்டுலருந்து எடுத்த பையோட நல்ல காரியத்துக்குப் போறதா? அந்தப் பை போச்சி. இன்னிக்கிப் பயணமே வேணாம். வீட்டுக்குத் திரும்பிருவோம்."

"திரும்பிட்டு?"

"தொரகிட்டச் சொல்லி வேற நாள் கேப்போம்."

"வேற நாள் குடுக்க அது என்ன பல்லுப் புடுங்குற எடமா? இன்னிக்கிப் போகலன்னா எனக்கு எப்பவும் இல்லப்பா!"

நான் கத்தியது கடைவீதி வரை கேட்டிருக்கும். அப்பா முன்னால் அதுவரை நான் அப்படிக் கத்தியதில்லை. பேக்கரிக்காரர் மெல்ல உள்ளே போய்விட்டார். அப்பா என்னைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்துக்கொண்டே, "பரஸ்தானம் வெச்சத எடுக்காமப் பயணம் போகப்படாது. நான் வரல" என்றார்.

"அப்ப நான் போறேன்."

"தனியாவா?"

காருக்குப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். "நானா, எடுங்க."

சலீம் நானா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தங்கச்சி, யோசிச்சித்தான் சொல்றீங்களா?"

"மூணு வாரமா இதத்தான் யோசிச்சோம் நானா. எடுங்க!"

கார் நகர்ந்தது. அப்பா ஓடி வருவார் என்று நினைத்தேன். சந்து முனை திரும்பும்போது பார்த்தேன், அங்கேயேதான் நின்றார். ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

நான்கு ஜன்னலும் திறந்து

ஊரைத் தாண்டியதும் சலீம் நானா காரை ஓரங்கட்டி நான்கு ஜன்னல்களையும் முழுசாக இறக்கிவிட்டார்.

"கல்யாணம் ஆகாத புள்ளையத் தனியாக் கூட்டிக்கிட்டுப் போறேன். ரோட்டுல போறவன் வாறவன் எல்லாம் நல்லாப் பாக்கட்டும். ஒளிச்சிக் கொண்டுபோனான்னு ஒருத்தன் சொல்லப்படாது" என்றார்.

எனக்குப் பல் கிடுகிடுத்தது. தலவாக்கலையில் மூக்கு மரத்துப் போயிற்று. நானுஓயாவில் எனக்கு மூக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை. வெள்ளைச் சேலை பையோடு போய்விட்டதால் வீட்டில் உடுத்திய பூச்சேலையோடு, ரப்பர் செருப்போடு, கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் போய்க்கொண்டிருந்தேன். போய் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. வழி முழுக்க அப்பாவை மனசுக்குள் திட்டிக்கொண்டு போனேன். திட்டுவதை நிறுத்தினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

பனியில் ஊர்ந்து ஊர்ந்து, பத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு கட்டடம். வராந்தாவில் ஏழு பெண்கள், ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு உறை. என் மடியில் என் கைதான் இருந்தது.

மேட்ரன் சிரிக்கவில்லை

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார மேட்ரன், ஒரு சிங்கள டொக்டர். மேட்ரன் பேசுவதைத் தமிழில் சொல்ல ஓரத்தில் ஒரு கிளார்க்.

காகிதங்கள் எங்கே என்று கேட்டார்கள். "அப்பா கொண்டு வாறார்" என்று பச்சைப் பொய் சொன்னேன். ஏன் கூடவே வரவில்லை என்று கேட்டார் டொக்டர். அந்த இடத்தில் வாயைக் கட்டியிருக்கலாம். எனக்கு இருந்த ஆத்திரத்தில் முடியவில்லை. ராகு காலம், சூலம், எனக்கு முன்னால் புறப்பட்ட பை, பட்டிப்பொலச் சாவு, பூட்டு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டேன். டொக்டர் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது. கிளார்க்கும் வாயைப் பொத்திக்கொண்டார்.

மேட்ரன் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார். எனக்கு ஓரளவு ஆங்கிலம் புரியும். கிளார்க் சொல்லுமுன்னே விஷயம் தெரிந்துவிட்டது.

"இப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை நான் எப்படி எடுப்பது? கெட்ட நேரத்தில் ஒருத்திக்கு வலி எடுத்தால் இவளை வீட்டை விட்டு வெளியே விடுவார்களா? நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தாயும் பிள்ளையும் செத்துப்போவார்கள்."

"நான் போவேன்" என்றேன்.

"உன் அப்பா விடுவாரா?"

மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். வெளியே போய் இரு, சாப்பாட்டு மணிக்குள் காகிதம் வந்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வராத அப்பாவுக்காக வராந்தாவில் உட்கார்ந்தேன். மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய்விட்டு வந்தார்கள். தை மாதத்தையும் அந்த ரேடியோவையும் நினைத்துக்கொண்டேன்.

பதினொன்று அடித்துக் கொஞ்சம் ஆகியிருக்கும். வாசலில் ஒரு காலி மரக்கறி லொறி வந்து நின்றது. அதன் பின்புறத்திலிருந்து, கோட்டும் தலைப்பாகையும் பூட்சுமாக, தோளில் ஒரு முட்டைக்கோவா இலை ஒட்டிக்கொண்டிருக்க, என் அப்பா குதித்து இறங்கினார். கையில் என் பை.

என்னால் நம்ப முடியவில்லை. எப்படி வந்தார் என்று அவர் கடைசிவரை சொன்னதில்லை. பேக்கரிக்காரர் பார்த்ததை மாணிக்கம் மாமா வந்து சொல்லித்தான் தெரியும். நான் போன பிறகு அந்தச் சந்தில் மேலும் கீழும் நடந்தாராம். கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாராம். ஏழரை தாண்டி, ராகு காலம் பிறந்த பிறகு, ஒரு கல்லை எடுத்து அந்தப் பூட்டை ஒரே அடியில் உடைத்தாராம். தீட்டு வீட்டுக்குள் போய்ப் பையை எடுத்து, குளிக்காமல் கொள்ளாமல், கொழும்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த லொறியைக் கைகாட்டி மறித்து ஏறினாராம். தனியாக. கிழக்குப் பக்கமாக.

ஒரு கேள்வி

என்னையும் அவரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டார்கள். அப்பா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மேட்ரன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. எலுமிச்சம்பழத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, என்னிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். கிளார்க் தமிழில் சொன்னார்.

"ராகு காலத்துல ஒரு பொம்பளைக்கு வலி எடுத்து ஆள் வந்தா, மகள அனுப்புவீங்களான்னு கேக்குறாங்க."

இவர் யோசிக்க ஆரம்பித்தால் இரண்டு நாள் யோசிப்பாரே!

அப்பா யோசிக்கவே இல்லை. கேள்வியே அவருக்கு விசித்திரமாகப் பட்டது போலிருந்தது.

"என்னாங்க இப்படிக் கேக்குறீங்க? புள்ள பொறந்த நேரத்த வெச்சித்தானே ஜாதகம் எழுதுறோம். ஜாதகத்த எழுதி வெச்சிட்டா புள்ள பொறக்குது? பொறக்குற புள்ளைக்கு ராகு காலமும் இல்ல, எமகண்டமும் இல்ல. அது வர்றதுதான் நேரம். ஆள் வந்தா இவ போக வேண்டியதுதான்."

கிளார்க் இதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்வரை மேட்ரன் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டொக்டரோடு குனிந்து இரண்டு வார்த்தை பேசினார். காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். டொக்டர் என்னைப் பார்த்து, "வாற மாசம் முதலாந் தேதி வாங்க" என்று தமிழிலேயே சொன்னார்.

வெளியே வந்தோம். வந்ததுதான் தாமதம், எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"மூணு வாரம் என்னையப் படுத்தி எடுத்தீங்களே! வடக்குங்கிறதும் கெழக்குங்கிறதும், ரெண்டு பேருங்கிறதும் மூணு பேருங்கிறதும்! பொறக்குற புள்ளைக்கு ராகு காலம் இல்லன்னு இவ்வளவு தெளிவாத் தெரிஞ்ச மனுசன், எனக்கு மட்டும் ஏம்ப்பா இத்தனையும் பாத்தீங்க?"

அப்பா தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். முண்டாசு முனையைச் செருகிக்கொண்டே சொன்னார்.

"அது ஊரார் புள்ள. நீ எம் புள்ள."

சண்டை போட வாய் நிறைய வார்த்தை வைத்திருந்தவள், நுவரெலியா ரோட்டில், போகிறவர் வருகிறவர் பார்க்க, ஓவென்று அழுதுவிட்டேன். சலீம் நானா காரிலிருந்து பதறிப்போய் ஓடி வந்தார்.

"என்னா தங்கச்சி, எடுக்கலியா?"

"எடுத்துட்டாங்க நானா" என்று சொல்லிவிட்டு இன்னும் சத்தமாக அழுதேன்.